பாய்மரக் கப்பலில் படிப்பும் ஆபத்துக்கால ஒத்திகையும்: ஒரு தந்தையின் கேள்விக்கு விரிவான பதில்

கனடாவில் வசிக்கும் தமிழ்த் தந்தை ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. பதினோராம் வகுப்பு முடித்த அவருடைய மகள், அடுத்த ஓராண்டுப் படிப்பைப் பாய்மரக் கப்பலில் கடலோடியபடியே படிக்க விரும்புகிறாள். அங்கே பிள்ளைகளின் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும், ஆபத்துக்கால ஒத்திகைகளைத் தவறாமல் நடத்துகிறோம் என்று பள்ளிக்காரர்கள் சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று கேட்கிறார். 2010-இல் மாணவர்களோடு மூழ்கிய ஒரு கப்பலைப் பற்றிப் படித்ததிலிருந்து தமக்குத் தூக்கமே வரவில்லை என்றும் சொல்லியிருக்கிறார்.

நான் சரக்குக் கப்பல்களில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். பாய்மரப் பயிற்சிக் கப்பலில் ஒரே ஒரு முறை, மூன்று வாரம், மாணவர்களோடு பயணம் செய்திருக்கிறேன். அந்த மூன்று வாரமும் அதற்கு முந்தைய கடல் வாழ்க்கையும் சேர்ந்து எனக்குத் தந்த கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒத்திகை உங்கள் மகளைக் காப்பாற்றும், கப்பலைக் காப்பாற்றாது. கப்பலைக் காப்பது, ஒத்திகை என்று யாரும் பெயர் சூட்டாத, அலுப்புத் தட்டுகிற அன்றாட வேலைகள்தாம். அதனால் உங்களுடைய இரண்டு கேள்விகளையும் நான் ஒரே கேள்வியாகத்தான் பார்க்கிறேன்.

மாணவர்களை ஏற்றிச் செல்லும் பாய்மரக் கப்பல்கள் எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. கடற்படைகளும் கடலோரக் காவல் படைகளும் தங்கள் பயிற்சி அதிகாரிகளுக்காக வைத்திருப்பவை ஒரு வகை. அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் ‘ஈகிள்’ 1936-இல் ஹாம்பர்க்கில் கட்டப்பட்டு, போருக்குப் பின் 1946-இல் அமெரிக்கர் கைக்கு வந்த கப்பல். நம் இந்தியக் கடற்படையின் ‘தரங்கிணி’ 1997-இலும் அதன் உடன்பிறப்பான ‘சுதர்சினி’ 2012-இலும் பணியில் சேர்க்கப்பட்டு, கொச்சியைத் தளமாகக் கொண்டு இயங்குகின்றன. பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கடலியல் கற்பிக்கும் கப்பல்கள் இரண்டாம் வகை. மாசசூசெட்ஸின் உட்ஸ் ஹோல் ஊரோடு தொடர்புடைய, 1971-இல் தொடங்கிய கடல்சார் கல்விச் சங்கத்தின் ‘கோர்வித் கிரேமர்’, ‘ராபர்ட் சீமன்ஸ்’ ஆகியவை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உங்கள் மகள் விரும்புவது மூன்றாம் வகை: உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளும் கல்லூரி முதலாண்டு மாணவர்களும் துறைமுகம் துறைமுகமாகச் சென்றபடி வழக்கமான பாடங்களைப் படிப்பது. மூன்றிலும் மாணவர் பயணியாக ஏறுவதில்லை, வேலையாளாகத்தான் ஏறுகிறார். மற்றவையெல்லாம் இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கின்றன.

வேலையாள் என்றால் வாட்ச் உண்டு. வாட்ச் என்பது முறை வைத்துக் கப்பலைப் பார்த்துக்கொள்வது. உட்ஸ் ஹோல் கப்பல்களின் முறையைச் சொல்கிறேன், ஏனென்றால் அதன் கணக்கு அழகானது. மாணவர்களை மூன்று குழுக்களாகப் பிரிக்கிறார்கள். ஒரு நாளின் 24 மணி நேரத்தை ஐந்து துண்டுகளாகப் பிரிக்கிறார்கள். காலை 7 முதல் பகல் 1 வரை, அதிலிருந்து மாலை 7 வரை என்று பகலில் ஆறு ஆறு மணி நேரம். இரவில் 7 முதல் 11, 11 முதல் 3, 3 முதல் காலை 7 என்று நான்கு நான்கு மணி நேரம். ஐந்து துண்டுகளை மூன்று குழுக்கள் மாறி மாறி ஏற்பதால் இன்று நள்ளிரவு வாட்சில் நின்றவர் மறுநாள் பிற்பகலில் நிற்பார், அதற்கு மறுநாள் விடியலுக்கு முன் எழுவார். மூன்று நாளில் சுற்று முடிந்து பழைய இடத்துக்கு வருவார். கணக்குப் பார்த்தால் மூன்று நாளில் ஆளுக்கு 24 மணி நேரம், அதாவது சராசரியாக நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் வாட்ச். வகுப்பு, வீட்டுப்பாடம், துணி துவைப்பது, உறங்குவது எல்லாம் மிச்சமுள்ள பதினாறு மணி நேரத்துக்குள் நடந்தாக வேண்டும். முதல் வாரத்தில் பிள்ளைகள் படுகிற பாட்டுக்குப் பெரும்பாலும் கடல்நோயைக் குறை சொல்வார்கள். எனக்குத் தெரிந்து பாதிக் காரணம் தூக்கம் கலைந்து கலைந்து வருவதுதான்.

வாட்சில் நிற்கும்போது ஒருவர் சுக்கானைப் பிடிப்பார், ஒருவர் அணியத்தில், அதாவது கப்பலின் முன்முனையில், நின்று எதிரே கப்பல் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பார், ஒருவர் சமையலறைக்குப் போவார், ஒருவர் மணிக்கொருதரம் கப்பல் முழுவதும் சுற்றி வருவார். இந்தச் சுற்றுதான் வெளியாட்களின் கண்ணுக்குப் படாதது. கையில் ஒரு விளக்கும் ஒரு சீட்டும் வைத்துக்கொண்டு, கப்பலின் அடித்தளத்தில் எவ்வளவு நீர் தேங்கியிருக்கிறது, இயந்திர அறையில் புகை வாடை உண்டா, சமையல் அடுப்பின் எரிவாயு மூடியிருக்கிறதா, எந்தக் கயிறு எங்கே உரசுகிறது, எந்தச் சன்னல் இறுக்கப்படாமல் கிடக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். என் பயணத்தில் ஓர் இரவு, இந்தச் சுற்றுக்குப் போன பத்தொன்பது வயதுப் பெண் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு வருவாள் என்று நினைத்தோம். அரை மணி நேரமாகியும் வரவில்லை. போய்ப் பார்த்தால், ஒரு மாணவர் அறையில் வட்டச் சன்னலின் திருகு ஒன்று முழுதாக இறுகாமல், அலை மோதும்போதெல்லாம் ஒரு கரண்டித் தண்ணீர் படுக்கையில் விழுந்துகொண்டிருந்தது. படுக்கைக்குரியவன் போர்வையை இழுத்துக்கொண்டு உறங்க, அவள் அவன்மேல் எட்டி நின்று திருகோடு மல்லாடிக்கொண்டிருந்தாள். மறுநாள் எல்லோரும் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

சாப்பாட்டு மேசை அங்கே நிலையாக இருக்காது. கப்பல் சாய்ந்தாலும் தட்டு சாயாதபடி மேசையையே ஊஞ்சல்போல ஓர் அச்சில் தொங்கவிட்டிருப்பார்கள். மேசை சமமாக இருக்கும். உட்கார்ந்திருப்பவர்தான் ஒரு முறை மார்பளவுக்கும் மறுமுறை முழங்காலளவுக்கும் மேசையைப் பார்ப்பார். புதிதாக வந்த பிள்ளை தடுமாறும்போது மேசையைப் பற்றிக்கொள்ளும்; உடனே எல்லோருடைய குழம்பும் எதிர்வரிசைக்காரர்களின் மடியில் இருக்கும். மேசையில் கை ஊன்றக் கூடாது என்பதுதான் பெரும்பாலானவர்கள் அந்தக் கப்பலில் கற்கும் முதல் பாடம். கற்றுக்கொள்ள ஒரு வேளைச் சாப்பாடு போதும்.

அடுத்த பாடம் கயிறுகள். ‘ஈகிள்’ கப்பலில் பயிற்சி பெறுவோர் இருநூறுக்கு மேற்பட்ட கயிறுகளின் பெயரையும், ஒவ்வொன்றும் எந்த முளையில் கட்டப்பட்டிருக்கிறது என்பதையும் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். பள்ளிக் கப்பல்களில் எண்ணிக்கை குறைவாக இருக்கலாம், முறை அதேதான்: நிலவில்லாத இரவில், மழையில், விளக்கில்லாமல், கேட்ட கயிற்றின்மேல் போய்க் கை வைக்க வேண்டும். பிள்ளைகள் இதை ஏதோ பழங்காலத்து வீம்பு என்றுதான் முதலில் நினைப்பார்கள். காற்று திடீரென்று வலுக்கும்போது தவறான கயிற்றை அவிழ்த்தால் பருமல் என்னும் அந்தக் கனத்த குறுக்குமரம் ஆட்கள் தலைமேல் இறங்கும். சரியான கயிற்றைத் தேட ஒரு நிமிடம் எடுத்தால் அந்த ஒரு நிமிடமும் கப்பல் சாய்ந்துகொண்டே போகும்.

பாய்மரம் ஏறுவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்ல வேண்டும். இடுப்பு வார் அணிந்து, காற்றடிக்கும் பக்கத்து ஏணிக்கயிற்றின் வழியாகத்தான் ஏறுவார்கள். அந்தப் பக்கத்தில் ஏறினால் காற்று ஆளைக் கயிற்றோடு சேர்த்து அழுத்தும், மறுபக்கத்தில் ஏறினால் பிய்த்தெடுக்கப் பார்க்கும். நன்றாக நடத்தப்படும் கடற்படைக் கப்பல்களிலும் மரத்திலிருந்து விழுந்து உயிரிழந்தவர்கள் உண்டு. ஜெர்மானியக் கடற்படையின் ‘கோர்ச் ஃபாக்’ கப்பலில் 2010-இல் பயிற்சி அதிகாரி ஒருவர் அப்படி இறந்தார். ஏற விரும்பாத மாணவரைக் கட்டாயப்படுத்துவதில்லை என்பதைப் பள்ளியிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி ஒத்திகைகள். கப்பல் துறைமுகத்தை விடுவதற்கு முன்பே ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்பட்டிருக்கும். தீப்பிடித்தால், ஆள் கடலில் விழுந்தால், கப்பலைக் கைவிட நேர்ந்தால், அந்த எண்ணுக்குரியவர் எங்கே போய் நிற்க வேண்டும், கையில் எதை எடுத்துச் செல்ல வேண்டும் என்று எழுதிய பட்டியல் ஒன்று நடைவழியில் ஒட்டப்பட்டிருக்கும். ஏழோ அதற்கு மேலோ குறுகிய ஒலிகளும் தொடர்ந்து ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் எல்லாரும் கூடுமிடத்துக்கு ஓட வேண்டும் என்பது உலகக் கப்பல்கள் அனைத்துக்கும் பொதுவான அறிவிப்பு. கூடியதும் நடக்கிற முதல் காரியம் தலை எண்ணுவது. பார்க்கிறவர்களுக்கு இது பள்ளிச் சுற்றுலாவில் ஆசிரியர் பேருந்தில் ஏறி எண்ணுவதைப் போலத் தோன்றும். யார் இல்லை என்பது இருபது விநாடியில் தெரிவதற்கும் இரண்டு நிமிடத்தில் தெரிவதற்கும் உள்ள வேறுபாடு, புகை நிறைந்த அறைக்குள் ஆளனுப்ப முடியுமா முடியாதா என்பதைத் தீர்மானிக்கும்.

தீ ஒத்திகையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: முதலில் காற்றுவழிகளை அடைப்பது, பிறகு குழாய்களை விரிப்பது. சரக்குக் கப்பலில் நாங்கள் செய்ததிலிருந்து பெரிய மாற்றமில்லை. ஆள் விழுந்த ஒத்திகைதான் பாய்மரக் கப்பலுக்கே உரிய சிக்கல் கொண்டது. எட்டு நாட் வேகத்தில், அதாவது மணிக்கு எட்டுக் கடல் மைல் வேகத்தில், போகும் கப்பல் விநாடிக்கு நான்கு மீட்டர் விலகுகிறது. ஒரு நிமிடத்தில் விழுந்தவருக்கும் கப்பலுக்கும் இடையே கால் கிலோமீட்டர் தண்ணீர். இரண்டு மீட்டர் அலைக்கு நடுவே மனிதத் தலை ஒரு தேங்காயளவுதான். இயந்திரக் கப்பலைப்போலச் சுக்கானை வளைத்து உடனே திரும்பி வந்துவிட முடியாது. பாய்களில் சிலவற்றைக் காற்று எதிர்ப்பக்கமாக அழுத்தும்படி திருப்பி, கப்பலைத் தன்னையே தடுத்துக்கொள்ளும் நிலையில் நிறுத்திவிட்டு, சிறு படகை இறக்க வேண்டும். இதற்கு இருபது கை வேண்டும். ஆனால் விழுந்ததை முதலில் கண்ட பிள்ளையை அந்த இருபதில் சேர்க்க மாட்டார்கள். அந்தப் பிள்ளைக்கு ஒரே வேலை: விழுந்தவரை நோக்கிக் கையை நீட்டியபடி நிற்பது. யார் அழைத்தாலும் திரும்பக் கூடாது, கயிற்றில் கை வைக்கக் கூடாது, கண்ணை எடுக்கக் கூடாது. எங்கள் ஒத்திகையில் பழைய மிதவை ஒன்றைக் கடலில் எறிந்தபோது, சுட்டிக்காட்டிக்கொண்டிருந்த பையன் நண்பன் தடுக்கி விழுந்த சத்தத்துக்கு ஒரு கணம் தலையைத் திருப்பினான். திரும்பிப் பார்த்தபோது மிதவை அவன் கண்ணுக்கு அகப்படவில்லை. அன்று முழுவதும் யாரும் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை.

கப்பலைக் கைவிடும் ஒத்திகையில் லைஃப் ஜாக்கெட்டோடு நீர்புகா உடையையும் அணிந்து பழக வேண்டும். தலை முதல் கால் வரை ஒரே உடையாக, ரப்பர்போலத் தடித்த துணியால் ஆனது; குளிர்ந்த கடலில் உடற்சூட்டைக் காப்பது. யாருடைய உதவியுமின்றி இரண்டு நிமிடத்துக்குள் அணியக் கூடியதாக இருக்க வேண்டும் என்பது பன்னாட்டு விதி. சொல்வதற்கு எளிது. தளத்தில் உடையை விரித்து, அதன்மேல் உட்கார்ந்து, கால்களை நுழைத்து, பலம் குறைந்த கையை முதலில் விட்டு, தலைமுக்காட்டை இழுத்து மாட்டிய பிறகே பலமான கையை விட வேண்டும். வரிசை மாறினால், மூன்று விரல் கையுறைக்குள் அகப்பட்ட கையால் முக்காட்டையும் இழுக்க முடியாது, ஜிப்பையும் பற்ற முடியாது. முதல் ஒத்திகையில் ஏழு நிமிடம் எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நீளமான கூந்தல் ஜிப்பில் மாட்டிக்கொண்ட பெண் ஒருத்தி அடுத்த ஒத்திகைக்கு முன் இறுக்கப் பின்னிக்கொண்டு வந்தாள். உங்கள் மகளுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

இப்போது உங்கள் தூக்கத்தைக் கெடுத்த கப்பலுக்கு வருகிறேன். ‘கான்கார்டியா’ 1992-இல் போலந்தின் ஷ்செசின் நகரில் கட்டப்பட்ட, மூன்று பாய்மரங்கள் கொண்ட எஃகுக் கப்பல். ஏறக்குறைய 57 மீட்டர் நீளம். கனடாவின் ‘கிளாஸ் அஃப்லோட்’ என்னும் மிதக்கும் பள்ளிக்காக அது ஓடியது. 2010 பிப்ரவரி 8 அன்று பிரேசிலின் ரெசிஃபே துறைமுகத்திலிருந்து உருகுவேயின் மொண்டேவீடியோவுக்குப் புறப்பட்டது. கப்பலில் 64 பேர். அவர்களில் 48 பேர் மாணவர்கள். பிப்ரவரி 17 பிற்பகல் இரண்டரை மணிக்குச் சற்று முன், ரியோ டி ஜெனிரோவுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 300 மைல் தொலைவில், சூறைக்காற்று ஒன்றில் சாய்ந்த கப்பல் நிமிரவில்லை. பாய்கள் தண்ணீரில் படுத்தன. திறந்திருந்த வழிகளில் கடல் உள்ளே புகுந்தது. வானொலியில் உதவி கேட்க நேரமில்லை. வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்குச் சுவர் தரையாயிற்று. அந்த நிலையிலும் 64 பேரும் வெளியேறி, காற்றடைத்த தெப்பங்களில் ஏறினார்கள். கப்பல் மூழ்கியது. தானியங்கி அபாயக் கருவி மட்டும் செயற்கைக்கோளுக்குச் சைகை அனுப்பிக்கொண்டிருந்தது. சுமார் 40 மணி நேரம் கழித்து, 19-ஆம் தேதி, வணிகக் கப்பல்கள் வந்து அத்தனை பேரையும் உயிரோடு மீட்டன.

அந்தத் தெப்பம் எப்படிப்பட்டது என்று கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் பெற்றோர் பலரும் அதை ரப்பர்ப் படகு என்று நினைத்துக்கொள்கிறார்கள். பீப்பாய் வடிவப் பெட்டிக்குள் மடிந்து கிடக்கும். கயிற்றை இழுத்தால் வாயு நிரம்பிக் கூரையோடு விரியும். இழுக்க ஆளில்லாமல் கப்பல் மூழ்கினாலும், நான்கு மீட்டர் ஆழத்துக்குள் நீரழுத்தமே கட்டை அறுத்துப் பெட்டியை மேலே மிதக்கவிடும். உள்ளே ஆளுக்கு ஒன்றரை லிட்டர் குடிநீர், உலர்ந்த உணவு, கைவிளக்கு, தீச்சுடர்கள், வாந்தி மாத்திரை. வாந்தி மாத்திரையைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம். கூரை மூடிய அந்தக் குலுங்கும் பைக்குள் பதினைந்து பேர் நனைந்து உட்கார்ந்திருக்கும்போது ஒருவர் தொடங்கினால் எல்லாரும் தொடங்குவார்கள், வாந்தியோடு உடலின் நீரும் போகும், தெம்பும் போகும். ஏறியவுடன், குமட்டல் வருவதற்கு முன்பே, எல்லாரும் ஒன்று விழுங்க வேண்டும் என்பதும் ஒத்திகையில் சொல்லித் தருகிற ஒன்றுதான்.

பழைய கதைகளோடு ஒப்பிட்டால்தான் 64 என்ற எண்ணின் மதிப்பு தெரியும். ஜெர்மனியின் ‘பாமிர்’ 1957 செப்டம்பர் 21 அன்று அசோர்ஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே புயலில் கவிழ்ந்தது. பார்லி தானியத்தை மூட்டையாகக் கட்டாமல் கொட்டி ஏற்றியிருந்தார்கள். இருந்த 86 பேரில், பெரும்பாலும் இளம் பயிற்சி மாலுமிகள், ஆறு பேர்தான் பிழைத்தார்கள். 1961 மே 2 அன்று மெக்சிகோ வளைகுடாவில் ‘ஆல்பட்ராஸ்’ என்ற பள்ளிக் கப்பல் ஓரிரு நிமிடங்களில் மூழ்கியது. நான்கு மாணவர்கள், சமையற்காரர், கேப்டனின் மனைவி என ஆறு பேர் மாண்டார்கள். அமெரிக்காவில் பாய்மரப் பள்ளிக் கப்பல்களுக்கென்று 1982-இல் தனிச் சட்டம் வந்ததற்கு அந்த இழப்பும் ஒரு காரணம். 1984 ஜூன் 3 அன்று பெர்முடாவுக்கு வடக்கே பந்தயத்தில் ஓடிக்கொண்டிருந்த ‘மார்க்ஸ்’ ஒரு நிமிடத்துக்குள் மூழ்கி, 28 பேரில் 19 பேரைக் கொண்டுபோனது. இந்த மூன்றிலும் கப்பல் சாய்ந்த வேகத்துக்கு மனிதர் ஈடுகொடுக்க முடியவில்லை. ‘கான்கார்டியா’ சிறிது நேரம் பக்கவாட்டில் மிதந்து அவகாசம் தந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. தந்த அவகாசத்தை ஒரு நிமிடம்கூட வீணாக்காமல் பயன்படுத்த முடிந்ததற்கு, ஆளுக்குரிய எண்ணும் நிற்க வேண்டிய இடமும் உடையும் தெப்பமும் கைப்பழக்கமாகியிருந்தது காரணம் என்பதில் எனக்கு ஐயமில்லை. உங்கள் இரண்டாம் கேள்விக்கு இதுவரை என் பதில்: நம்பலாம்.

ஆனால் அதே கப்பலின் விசாரணை அறிக்கை வேறொரு கதையும் சொல்கிறது, பள்ளிக்காரர்கள் அதை அவ்வளவாகப் பேசுவதில்லை. மேலிருந்து செங்குத்தாகக் கொட்டும் அரிய காற்று ஒன்று கப்பலை அடித்துச் சாய்த்துவிட்டது என்று கேப்டன் சொன்னார். கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2011 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கை அதை ஏற்கவில்லை. வீசிய சூறைக்காற்று அந்தக் கடலில் எதிர்பார்க்கக் கூடிய அளவிலானதுதான். அதை எதிர்கொள்ளப் பாயைக் குறைப்பதோ திசையை மாற்றுவதோ நடக்கவில்லை. தளத்து அறைகளின் கதவுகளும் காற்றுவழிகளும் அடைக்கப்படாமல் இருந்ததால் சாய்ந்த கப்பலுக்குள் நீர் தடையின்றிப் புகுந்தது என்பது அதன் முடிவு. எந்தச் சாய்வுக்கு மேல் போனால் ஒரு திடீர்க் காற்று கப்பலைப் புரட்டிவிடும் என்று காட்டும் வரைபடங்கள் கப்பலின் நிலைப்புத்தன்மை ஏட்டிலேயே இருந்தன. வாட்சில் நின்ற அதிகாரிக்கு அவற்றைப் பயன்படுத்தும் பழக்கம் இருக்கவில்லை. வாரியத்தின் பரிந்துரையே அந்தப் பயிற்சியை அதிகாரிகளுக்குக் கட்டாயமாக்க வேண்டும் என்பதுதான்.

அந்த வரைபடத்தின் பின்னாலுள்ள கணக்கு எளிமையானது, கொடுமையானதும்கூட. காற்று பாயை அழுத்தும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. காற்று இருமடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. காற்று நாற்பது விழுக்காடு கூடினாலே அழுத்தம் ஏறக்குறைய இருமடங்கு. ஆகவே இருபது நாட் காற்றில் சுகமாகப் பத்துப் பாகை சாய்ந்து ஓடும் கப்பல், தொடுவானத்தில் கறுத்து வரும் ஒரு மேகத்திலிருந்து நாற்பது நாட் காற்று வந்தால் என்ன ஆகும் என்பது மேகம் வந்த பிறகு யோசிக்க வேண்டிய செய்தி அன்று. சாய்வுமானியில் பாகை எத்தனை என்று பார்த்து, வரைபடத்தில் அதற்கு நேரே உள்ள எல்லையைப் படித்து, பாயை இப்போதே சுருட்டிவிட வேண்டும். மேகம் ஒன்றும் செய்யாமல் கடந்துபோகும் நாட்கள்தாம் பெரும்பாலும். மறுபடி பாயை விரிக்கும்போது பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். முணுமுணுப்பைப் பொறுத்துக்கொள்ளும் அதிகாரிதான் நல்ல அதிகாரி.

கதவும் அப்படித்தான். வெப்பமண்டலக் கடலில் எஃகு அறைக்குள் வகுப்பு நடத்தினால் வெந்துபோவோம். கதவைக் கொக்கி போட்டுத் திறந்து வைப்பதும் காற்றுவழியைத் திருப்பி வைப்பதும் இயல்பு. காற்று ஒதுங்கும் பக்கத்துக் கதவு அலையே படாமல் உலர்ந்து கிடக்கும். அதனால் அதை அடைக்க யாருக்கும் தோன்றாது. கப்பல் சாயும்போது முதலில் தண்ணீருக்குள் போவது அந்தப் பக்கந்தான். அன்றிரவு வட்டச் சன்னலின் திருகோடு மல்லாடிய பெண்ணைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வராததன் காரணம் இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். அவள் செய்தது கைவிடும் ஒத்திகையைக் காட்டிலும் பெரிய வேலை. அதற்கு மணியடிக்கவில்லை, யாரும் நேரம் குறிக்கவில்லை, படம் எடுத்து விளம்பரத் தாளில் போடவுமில்லை.

ஆகையால் பள்ளியிடம் பேசும்போது, வாரத்துக்கு எத்தனை ஒத்திகை என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். அதற்கு அவர்களிடம் அச்சடித்த பதில் இருக்கும். ஒத்திகை எப்போதும் வெயில் அடிக்கும் பகல் பத்து மணிக்குத்தானா, இரவில் அறிவிக்காமலும் நடத்துவதுண்டா என்று கேளுங்கள். கூடுமிடத்துக்குப் போகும் முதல் வழி அடைபட்டால் இரண்டாவது வழி எது என்று பிள்ளைகளுக்கு நடந்து காட்டுகிறார்களா என்று கேளுங்கள். சுவர் தரையாகும் நிலையில் பழகிய படிக்கட்டு பயன்படாது. வாட்ச் அதிகாரிகள் அனைவரும், கேப்டன் மட்டுமல்ல, அந்தக் கப்பலின் நிலைப்புத்தன்மை ஏட்டைப் படித்துப் பயிற்சி பெற்றவர்களா என்றும், கேப்டனை எழுப்பாமலே பாயைக் குறைக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டா என்றும் கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்விக்கு ஒருவர் தயங்கினால் நான் என் பிள்ளையை அனுப்ப மாட்டேன். தயங்காமல் பதில் சொன்னால் அனுப்புவேன். உங்கள் மகளின் வயதில் எனக்கு அப்படி ஒரு வாய்ப்பு வந்திருந்தால் வீட்டில் சண்டை போட்டாவது போயிருப்பேன்.

முடிந்தால் கப்பல் உங்கள் பக்கத்துத் துறைமுகத்துக்கு வரும்போது மகளோடு நேரில் போய்ப் பாருங்கள். தளத்து அறைகளின் கதவுகள் திறந்துதான் கிடக்கும். கரையில் அது தவறில்லை. கடலில் அவற்றை யார், எப்போது, யார் சொல்லி அடைப்பார் என்பதை, உங்களைச் சுற்றிக் காட்ட வரும் அதிகாரியிடம் கேட்காமல், அங்கே வழியில் எதிர்ப்படும் ஏதாவது ஒரு மாணவரிடம் கேளுங்கள்.